எடிட்டிங் மென்பொருள் வாங்கும்போது ஒரு காலர் மைக்கும் வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதுகாப்பு விதியோ, புதிய வருகைப்பதிவு செயலியோ, பி.எஃப். பணம் எடுக்கும் முறையோ, எதைச் சொல்வதானாலும் இப்போது தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்துவிடுகிறது. திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சற்றுப் பெரிய நிறுவனமாக இருந்தால், மனிதவளப் பிரிவில் ஒருவரிடம் தொழில்முறை எடிட்டிங் மென்பொருளையும் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் வருகிற வீடியோவில் உதடு ஒரு நேரம் அசையும், பேச்சு இன்னொரு நேரம் வரும். தமிழ் எழுத்தின் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். மின்விசிறி இரைச்சலில் பாதி கேட்காது. நிறுவனத்தின் சின்னம் மட்டும் தங்க நிறத்தில் எட்டு நொடி சுழன்று சுழன்று வரும். குறை மென்பொருளில் இல்லை. வேலை தொடங்கும் முன் எடுக்க வேண்டிய சில முடிவுகளை யாரும் எடுக்காததில் இருக்கிறது. அவற்றைப் பற்றியே இந்தக் கடிதம்.

முதலில், எல்லாவற்றுக்கும் வீடியோ வேண்டியதில்லை. பொங்கல் விடுமுறை எத்தனை நாள் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் சொல்லிவிடும். நிர்வாக இயக்குநரின் மாதாந்திர உரையை அப்படியே அனுப்பினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அதற்கு எடிட்டர் தேவையில்லை, வேண்டுமானால் பாதியாக வெட்டலாம். தொழில்முறை மென்பொருள் தன் விலைக்கு ஈடு தருவது வேறு இடத்தில். இயந்திரத்தைத் துடைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது எப்படி, தீ எச்சரிக்கை மணி அடித்தால் எந்த வாசல் வழியாக எங்கே போய்க் கூடுவது என்பது போல, ஆண்டுக்கணக்கில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டிய, அவ்வப்போது திருத்த வேண்டிய, இரண்டு மூன்று மொழிகளில் தர வேண்டிய வீடியோக்கள் அவை. கைபேசிச் செயலிகள் திணறுவதும் இங்கேதான். மேலும், செயலியை நம்பி அலுவலக வேலையை ஓட்டினால் அது ஒருநாள் இல்லாமல் போகலாம். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவா வீடியோ என்ற எடிட்டிங் செயலியும் இருந்தது.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு 4கே தெளிவு வரை வெளியிடும், படத்தின் மேல் தன் முத்திரையை (நீர்க்குறி) போடாது, அலுவலகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. கட்டணப் பதிப்பான ஸ்டுடியோ 295 டாலர், ஒரே முறை செலுத்துவது. அடோபி பிரீமியர் புரோ சந்தா முறையில் வருவது. சந்தா நின்றால் பழைய புராஜெக்டைத் திறந்து ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. லினக்ஸ் கணினி என்றால் ரிசால்வின் இலவசப் பதிப்பு சாதாரண எச்.264 வகை வீடியோக் கோப்புகளோடு மல்லுக்கட்டும்; அங்கே கேடென்லைவ் என்ற இலவச எடிட்டர் போதும். கணினியில் 16 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் அட்டை, எஸ்.எஸ்.டி. வட்டு ஆகிய மூன்றும் இல்லாமல் ரிசால்வைத் தொடுவது வீண். இருக்கிற கணினி சற்று வலுக்குறைந்தது என்றால், காட்சிகளுக்குப் பிராக்ஸி எனும் எடை குறைந்த நகல்களைச் செய்து அவற்றின் மேல் வெட்டலாம். கடைசியில் ரெண்டர் ஆவது, அதாவது முழு வீடியோவாக வெளிவருவது, அசல்தான்.

வேலையில் முதலில் தவறுவது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற எண். ரிசால்வில் புதிய புராஜெக்ட் திறந்தால் நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிற்கும். கைபேசி எடுப்பது பெரும்பாலும் 30. முதல் காட்சியை உள்ளே இழுக்கும்போது 'மாற்றவா?' என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் அழுத்திவிட்டால், காட்சிகள் உள்ளே வந்த பிறகு புராஜெக்டின் அந்த எண்ணை மாற்ற முடியாது. ஆகவே காட்சி இழுப்பதற்கு முன்பே புராஜெக்ட் செட்டிங்ஸ் போய் 25 அல்லது 30 என்று முடிவு செய்துவிட வேண்டும். இரண்டில் எது என்பது பெரிய விஷயமல்ல, ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே விஷயம். படம் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது விளக்கின் மினுக்கல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னும். கேமராவின் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடியாக இருந்தால் அந்த மினுக்கல் பதிவாகாது. 1/60 என்று வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். கைபேசியின் சொந்த கேமரா செயலியில் ஷட்டரைக் கட்டுப்படுத்த வழி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஐபோனுக்கும் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் கிடைக்கிறது.

ஐபோனில் எடுப்பவர்கள் கேமரா செட்டிங்ஸில் எச்.டி.ஆர். வீடியோவை (வெளிச்சத்தின் வீச்சைக் கூட்டிப் பதியும் முறை) அணைத்துவிடுவது நல்லது. அதை அணைக்காமல் எடுத்த காட்சி சாதாரண டைம்லைனில் (எடிட்டிங்கில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடம்) வெளிறிப்போயோ கண் கூசும்படியோ வரும். அதைச் சரிசெய்ய, மென்பொருளின் வண்ணம் திருத்தும் பக்கத்தில் அரை நாள் போகும்.

உதடும் பேச்சும் விலகுவது தனி நோய். இதற்குக் காரணம் மூன்று. எது என்று கண்டுபிடிக்க எளிய வழியும் உண்டு. பதிவின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கேமரா முன் கை தட்டச் சொல்லுங்கள். டைம்லைனில் இரண்டு கைதட்டலிலும் விலகல் ஒரே அளவு என்றால் அது புளூடூத் மைக் தந்த தாமதம். ஒலியை அந்த அளவு நகர்த்தினால் தீர்ந்தது. தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகினால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்ற எண், ஒலிப்பதிவுக் கருவியில் 44.1 கிலோஹெர்ட்ஸாகவும் புராஜெக்டில் 48 கிலோஹெர்ட்ஸாகவும் இருந்து, இடையில் எங்கோ தவறாகப் பொருள் கொள்ளப்பட்டிருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, கைபேசி வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் ரேட்டைத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டது. ஜூம் பதிவுகளிலும் இதே கதை. எடிட்டிங் மென்பொருள் சீரான தாளத்தை எதிர்பார்க்கும். தாளம் மாறும் கோப்பைக் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் வாய் மூடிய பிறகு பேச்சு வரும். மருந்து: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் மூலத்தின் ஃபிரேம் ரேட்டையே எண்ணாகத் தேர்ந்து, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்பதைக் குறித்து, ஒலியை 48 கிலோஹெர்ட்ஸாக வைத்து மாற்றிய பிறகே எடிட்டிங்குக்குள் கொண்டுவருவது. 30-ல் எடுத்ததை இங்கே 25 ஆக்காதீர்கள், அசைவு தடுக்கித் தடுக்கி வரும். ஜூமில் பதிவு செய்வதாக இருந்தால் ரெக்கார்டிங் செட்டிங்ஸில் வெளி எடிட்டருக்கு ஏற்றபடி பதிவு செய்யும் தேர்வும், பேசுகிற ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனிக் கோப்பாகத் தரும் தேர்வும் இருக்கின்றன. கூட்டம் தொடங்கும் முன் இரண்டையும் குறித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் இருமியதை அப்போதுதான் நீக்க முடியும்.

கணினித் திரையைப் பதிவு செய்யும்போது (வருகைப்பதிவு செயலி, சம்பளச் சீட்டுத் தளம் போன்றவற்றுக்கு) ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளே போதும். எம்.கே.வி. வடிவில் பதிவு செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். எம்பி4 என்றால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். முடிந்ததும் அதே மென்பொருளின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் (தரம் மாறாமல் கோப்பின் வடிவை மட்டும் மாற்றுவது) கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். உலாவியின் எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிய பிறகே பதிவைத் தொடங்குங்கள். பெரிய மானிட்டரில் தெளிவாகத் தெரிகிற பட்டன் ஆறு அங்குலக் கைபேசியில் கடுகு போல் இருக்கும். வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல் அறிவிப்புகள் எல்லாம் மூடப்பட்டிருக்க வேண்டும்.

திரையில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஊழியர் பட்டியல் ஏதாவது வந்தால் மங்கலாக்கும் எஃபெக்டை நம்ப வேண்டாம். லேசான மங்கலில் எண்கள் ஊகிக்கக்கூடியவை. திரை நகரும்போது மங்கல் பின்தங்கி ஓரிரு ஃபிரேமில் எண் பளிச்சென்று தெரியும். நிறுத்திப் பார்ப்பவருக்கு அது போதும். ஒளிபுகாத ஒரு செவ்வகத்தை மேலே வைத்து மூடுங்கள். இதைவிட நல்லது, கற்பனைப் பெயரும் எண்ணும் கொண்ட ஒரு சோதனைக் கணக்கில் பதிவு செய்வது. விபத்துக் காட்சியின் சி.சி.டி.வி. பதிவை எச்சரிக்கைக்காகப் போடும் பழக்கமும் பரவி வருகிறது. அடிபட்டவரின் முகத்தோடு அதைச் சுற்றுக்கு விடுவதில் எந்தப் பாதுகாப்புப் பாடமும் இல்லை.

இனி ஒலி. படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் பத்தாவது நொடியில் தள்ளிவிடுவார்கள். மென்பொருளுக்கு முன்பே மைக் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள், துப்பட்டாவோ அடையாள அட்டைக் கயிறோ உரசாத இடமாக. மின்விசிறி, ஏ.சி. இரண்டும் அணைந்திருக்க வேண்டும். வெறும் சுவர்கள் கொண்ட கூட்ட அறையை விட, துணிக்கட்டுகள் அடுக்கிய ஸ்டோர் அறையில் குரல் நன்றாகப் பதியும். எதிரொலியைத் துணி விழுங்கிவிடும். இரைச்சலையாவது மென்பொருளில் குறைக்கலாம், எதிரொலியை நீக்குவது கடினம். ரிசால்வில் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசொலேஷன் வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. அதையும் முழு அளவில் போட்டால் பேசுபவர் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் ஆகிவிடும். பதிவின்போது குரலின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும் (0 என்பது ஒலி உடையும் எல்லை). பேச்சு தொடங்கும் முன் பத்து நொடி யாரும் பேசாமல் அறையின் மௌனத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள்; வெட்டிய இடங்களில் அதை இட்டு நிரப்பினால் ஒலி விட்டு விட்டு வராது.

டைம்லைனில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம், கைபேசி ஸ்பீக்கரில் அது எப்படியும் வராது. மொத்த ஒலியளவு -16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் -1 டெசிபல் என்று அமைத்தால் எந்தக் கைபேசியிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வேலை இருக்காது. பின்னணி இசை வேண்டுமென்றால் குரலைவிட 20 டெசிபலாவது தாழ்ந்திருக்கட்டும். பாதுகாப்பு வீடியோவுக்கு இசையே வேண்டாம் என்பது என் கட்சி. சினிமாப் பாட்டு அறவே கூடாது. அது பதிப்புரிமைப் பிரச்சினை, 'உள் பயன்பாடு' என்று சொல்லித் தப்ப முடியாது.

எடிட்டர் எளிதில் கவனிக்கத் தவறும் கோளாறு ஒன்று உண்டு. ஒற்றைக் காலர் மைக்கின் குரல் சில ரெக்கார்டர்களில் இடப்பக்கச் சேனலில் மட்டும் பதியும். வலது காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்கிற தொழிலாளிக்கு வீடியோ ஊமை. காட்சியின் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஒலியை ஸ்டீரியோவிலிருந்து மோனோவாக்கி (இரு காதுக்கும் ஒரே ஒலி), இடப்பக்கச் சேனலைத் தேர்ந்தால் இருபுறமும் வரும். இன்னொன்று இதைவிட விசித்திரம். மேடை மிக்ஸரிலிருந்து வரும் பேலன்ஸ்டு வயரை (ஒரே குரலை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் கொண்டுவருவது) கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகினால், இடமும் வலமும் ஒன்றுக்கொன்று தலைகீழ் அலைகளாகப் பதியும். ஹெட்போனில் குரல் கேட்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள கைபேசியில் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துவிடும். உதடு அசையும், சத்தம் வராது. ஒரு சேனலை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்வதே தீர்வு. ஆகவே அனுப்பும் முன் ஒருமுறை மோனோவில் கேட்டுப் பாருங்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். ஒரு வீடியோவில் முதலில் பல்லிளிப்பது இதுதான். டைட்டில் பெட்டியில் 'தொழிலாளர்கள்', 'கொடுங்கள்', 'வேலை' என்று தட்டிப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் சங்கிலிக் கொம்பு ஆகியவை மெய்க்கு முன்னால் நின்றால் சரி. பின்னால் நின்றால் அந்த டைட்டில் கருவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். பிரீமியர் பதிப்புகளில் பிரிஃபரன்சஸ் உள்ளே கிராஃபிக்ஸ் பகுதியில் எழுத்து இயந்திரத்தை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றும் தேர்வு உண்டு. அதை மாற்றிவிட்டுப் புதிதாக ஒரு எழுத்துப் பெட்டி திறந்தால் சரியாகும். ரிசால்வில் ஒரு டைட்டில் வகையில் உடையும் எழுத்து இன்னொன்றில் சரியாக வரலாம், சோதித்துத்தான் பார்க்க வேண்டும். எதிலும் வரவில்லையா? பவர்பாயிண்டிலோ இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலோ எழுதி, பின்னணியில்லாத பி.என்.ஜி. படமாகச் சேமித்து, டைம்லைனின் மேல் டிராக்கில் (மேலடுக்கில்) வைத்துவிடுங்கள். பழைய வழிதான், ஆனால் உடையவே உடையாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய சுற்றறிக்கையை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடாக (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணையிட்டாயிற்று.

அளவு முக்கியம். 1080 உயரப் படத்தில் 60 பிக்சலுக்குக் குறைந்த எழுத்து கைபேசியில் படிக்க முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற எழுத்துருக்களின் நடுத்தரத் தடிமன் நன்றாக இருக்கும். எழுத்தைச் சுற்றிக் கனமான கரை போடாதீர்கள், ஞ, ண, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். பின்னால் அரையிருள் பட்டை வைப்பதே மேல். சப்டைட்டில் இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல், அவ்வளவுதான். தமிழ்ச் சொல் நீளமானது என்பதால் மென்பொருள் தானாக வரி மடிக்கும் இடம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும், கையால் மடியுங்கள். சப்டைட்டிலை நேரக் குறிப்போடு தனி எஸ்.ஆர்.டி. கோப்பாக எழுதினால் யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும், ஏ.என்.எஸ்.ஐ. என்று சேமித்தால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறும். கேன்டீன் டி.வி.யில் ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எழுத்து எதுவும் படத்தின் நடு 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

திருப்பூரில் ஒரே தையல் வரிசையில் தமிழ், இந்தி, ஒடியா பேசுபவர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். தொழில்முறை மென்பொருளின் உண்மையான பயன் இங்கே தெரியும். எழுத்தே இல்லாத ஒரு மூலப் படத்தை முதலில் முடியுங்கள். அதன் மேல் முதல் ஒலி டிராக்கில் தமிழ்க் குரல், இரண்டாவதில் இந்தி, மூன்றாவதில் ஒடியா. அவ்வாறே சப்டைட்டில் டிராக்குகளும். வேண்டியதை மட்டும் திறந்துவைத்து ஒவ்வொன்றாக ரெண்டர் வரிசையில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரே ஒரு கவனம்: மூன்று மொழிக்கும் ஒரே நீளம் வராது. குரல்களை முதலில் பதிவு செய்து, மிக நீளமானதற்குப் பொருந்தும்படி காட்சிகளை வெட்ட வேண்டும். தமிழுக்கு இறுக்கமாக வெட்டிவிட்டு மற்ற மொழிகளை அதற்குள் திணித்தால், வாசிப்பவர் மூச்சு விடாமல் ஓடுவார். கேட்பவருக்கு ஒன்றும் நிற்காது. வாட்ஸ்அப்பில் தனி சப்டைட்டில் கோப்பு வேலை செய்யாது என்பதால் எழுத்தைப் படத்திலேயே பதித்து அனுப்ப வேண்டும்.

பன்னிரண்டு நிமிட ஒரே படமாகச் செய்யாமல் ஒரு நிமிடத் துண்டுகளாகச் செய்யுங்கள். பாதுகாப்பு அதிகாரியின் பெயரையும் அவசர எண்ணையும் குரலில் சொல்லாமல் எழுத்தில் மட்டும் காட்டுங்கள். அவர் மாற்றலாகிப் போனால் ஒரு எழுத்து அட்டையை மாற்றினால் போதும், குரல் கொடுத்தவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. பேட்டி போன்ற பேச்சை மட்டும் 4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் வையுங்கள். வெட்டு விழும் இடத்தில் இரு மடங்குவரை நெருக்கிக் காட்டினாலும் தெளிவு குறையாது, வெட்டும் கண்ணில் படாது. மற்றதெல்லாம் 1080-லேயே எடுக்கலாம். டிரான்சிஷன்கள்? நேரான வெட்டு போதும்.

வெளியிடும்போது எச்.264, எம்பி4, 8 பிட். நேர்த்தியான வேறு வடிவங்களைப் பல டி.வி.களின் யு.எஸ்.பி. துளை திறக்காது. கோப்பின் எடையை ரெண்டர் செய்யும் முன்பே கணக்கிடலாம்: நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதை நொடிகளால் பெருக்கி 8,000-ஆல் வகுத்தால் மெகாபைட். 720 உயரப் படத்துக்கு 1,500, ஒலிக்கு 96, ஆக ஏறத்தாழ 1,600. ஒரு நிமிடத்துக்கு 12 எம்.பி. மென்பொருள் தானாகத் தேர்ந்துவைக்கும் அளவு 10,000 என்றால் அதே நிமிடம் 75 எம்.பி. தினக்கூலிக்காரரின் டேட்டா பேக்கில் அது பெரிய துண்டு. கேன்டீன் டி.வி.க்கு மட்டும் 1080-ல் 5,000 வைத்துத் தனிப் பிரதி எடுங்கள். பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கும், சின்ன எழுத்துகள் கரையும். டாக்குமெண்டாக இணைத்தால் அப்படியே போகும்.

கடைசியாக, நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது. ரிசால்வ் தன் புராஜெக்ட்டுகளை நாம் பார்க்கிற ஃபோல்டரில் தனிக் கோப்பாக வைப்பதில்லை, தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்ளும். வீடியோ செய்த ஊழியர் வேலையை விட்டுப் போய், அவருடைய கணினியை ஃபார்மட் செய்தால், ஹார்ட் டிஸ்க்கில் காட்சிகள் எல்லாம் இருக்கும், வெட்டிய வேலை ஒன்றும் இருக்காது. புராஜெக்ட் மேனேஜரில் புராஜெக்ட்டின் மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்க்கைவ்' கொடுத்தால் காட்சிகளும் ஒலியும் வெட்டுகளும் ஒரே ஃபோல்டரில் வந்து சேரும். பிரீமியரில் இதே வேலையை ஃபைல் மெனுவில் உள்ள புராஜெக்ட் மேனேஜர் செய்யும். எழுத்துருக் கோப்புகளையும், குரல் கொடுத்தவரும் படத்தில் தோன்றியவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் தாளின் ஸ்கேனையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். மூன்று பிரதி, இரு வேறு வட்டுகளில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். ஒவ்வொரு வீடியோ முடிந்ததும், அதைச் செய்தவர் இன்னும் பணியில் இருக்கும்போதே, வேறொரு கணினியில் அந்த ஆர்க்கைவைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
படத்தொகுப்பாளர் ஒருவர்,
கோவை.